பெயர் தெரிந்த சாட்சி

எங்கள் ஊர் ரயில் நேரத்துக்கு வராது என்பதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. ஹாடில்ஷமிலிருந்து லண்டன் போகும் காலை வண்டிக்கு இலை உதிர்ந்தால் ஆகாது, வெயில் அடித்தால் ஆகாது, காற்று கொஞ்சம் பக்கவாட்டில் வீசினாலும் ஆகாது. ஒருநாள் ஓட்டுநர் வந்து சேரவில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். அவர் ஏறி வந்துகொண்டிருந்த வண்டி தாமதமாம். இதற்கெல்லாம் கோபப்பட்டால் எங்கள் ஊரில் காலம் தள்ள முடியாது.

என் கோபம் சவுத்மியர் ரயில்வேயின் பயணிகள் நேர்மைத் துறைமேல். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

வண்டி தாமதமானால் பயணிக்கு இழப்பீடு தர வேண்டும் என்று அரசு விதி போட்டது. பயணிகள் கேட்டார்கள், நிறையவே கேட்டார்கள். கம்பெனிப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து யோசித்ததில் இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, வண்டியை நேரத்துக்கு விடுவது. அது செலவு பிடிக்கும், பழக்கமும் இல்லை. இன்னொன்று, தாமதம் என்று சொல்லும் பயணி யோக்கியமானவர்தானா என்று விசாரிப்பது. இரண்டாவது வழிக்கு ஒரு துறை பிறந்தது. துறைக்கு ஒரு மாடி, மாடிக்கு ஒரு இயக்குநர், இயக்குநருக்கு ஒரு கார். அந்தக் கார்தான் அவரை நேரத்துக்கு அலுவலகம் கொண்டு சேர்த்தது.

நடைமேடை முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார்கள். ஒரு பெண் நெஞ்சில் கை வைத்துச் சிரிப்பாள். "நேர்மை உங்களிடமிருந்து தொடங்குகிறது" என்று கீழே எழுதியிருக்கும். அவள் பின்னால் ஒரு வண்டி வந்துகொண்டிருக்கும். படம் என்பதால் அது வந்தது.

இந்தச் சுவரொட்டியை நிஜமாகவே நம்பிய ஒரே ஆள் நோரீன் டாப்செல். அப்போது அவர் பெயர் எனக்குத் தெரியாது. அதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நாங்கள் பல வருடங்களாக ஒரே பெட்டியில், எதிரெதிர் இருக்கையில் போய் வருகிறோம். அவர் ஆப்பிளை விதையோடு தின்பார் என்று தெரியும். நடைமேடையில் அவர் போன் பேசுவது காதில் விழுந்து, ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை என்று தெரியும். புருஷன் ஏணியிலிருந்து விழுந்து முதுகை உடைத்துக்கொண்டதும், இவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பதும்கூடத் தெரியும். பெயர் மட்டும் தெரியாது. காலை வண்டியில் பேசுவது எங்கள் ஜனங்களிடம் வழக்கமில்லை. ஒருவர் காலை இன்னொருவர் மிதித்தால், மிதிபட்டவர் "சாரி" என்பார். அதற்குமேல் பேசினால் ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

அதனால் மனசுக்குள் பட்டப்பெயர் வைத்துக்கொள்வோம். சுவர் பூசும் வேலைக்குப் போகும் ஒரு தடியர் தினமும் பேக்கன் என்கிற பன்றிக்கறி வைத்த ரொட்டி தின்பார். அவர் எனக்குப் பேக்கன்காரர். குறுக்கெழுத்துப் போடும் ஒல்லியான கிழவர் கட்டக்காரர். எனக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் தும்மல் என்று பிற்பாடு தெரிந்தது. கொஞ்சம் வருத்தம்தான்.

நோரீன் செய்த தப்பு இதுதான். தாமதமான ஒரு நாளுக்கு இழப்பீடு கேட்டு வாங்கிவிட்டார். பிறகு யோசித்துப் பார்த்தால், அன்றைக்குப் பல் டாக்டரிடம் போய்விட்டு அடுத்த வண்டியில் அல்லவா வந்தோம் என்று நினைவு வந்துவிட்டது. இரண்டு நாள் தூக்கம் வராமல், பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார், மன்னிப்புக் கேட்டு நாலு வரியும் எழுதி.

சவுத்மியரின் சரித்திரத்தில் பயணி ஒருவர் பணத்தைத் திருப்பித் தந்தது அதுவே முதல் தடவை. அதை வாங்கி வைக்க அவர்களுக்கு இடமில்லை. பயணியிடமிருந்து பணம் வந்தால் கம்பெனிக் கம்ப்யூட்டரில் ஒரே தலைப்புதான் உண்டு: அபராதம். அப்படியே ஏற்றினார்கள். அபராதம் கட்டியவர் குற்றம் செய்திருக்க வேண்டும் அல்லவா? அவர் அதுவரை கேட்ட எல்லா இழப்பீட்டையும் தோண்டி எடுத்து, விசாரணைக்கு வரச் சொன்னார்கள்.

விசாரித்தவர் துறை இயக்குநரேதான், ஜூலியன் ஃபாஸ்கட். சத்தம் போடாத மனிதர். டீ கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், பிறகு கழுத்தில் கத்தி வைத்தார். அன்று பேசியதை நோரீன் எங்களுக்கு அப்படியே சொன்னார். மருந்துச் சீட்டு படித்துப் பழகியவர், ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டார்.

"மிஸஸ் டாப்செல், நேர்மையான பயணி பணத்தைத் திருப்பி அனுப்பவே மாட்டார். ஏன்னா அவர்கிட்ட திருப்ப எதுவும் இருக்காது. நீங்க அனுப்பியிருக்கீங்க. அப்ப மிச்சத்தையும் ஏன் அனுப்பலைங்கறதுதான் எங்க கவலை."

"மிச்ச நாளெல்லாம் வண்டி நெசமாவே லேட்டுங்க சார்."

"லேட்டுன்னு எங்களுக்கும் தெரியும். அதுல நீங்க இருந்தீங்களாங்கறதுதான் கேள்வி. வண்டி லேட்டாகறது எங்க பொறுப்பு. அதை நாங்க என்னைக்குமே தட்டிக்கழிச்சதில்லை. அதுல நீங்க இருந்தீங்கன்னு நிரூபிக்கறது உங்க பொறுப்பு."

ஹாடில்ஷம் நிலையத்தில் டிக்கெட்டைத் தேய்த்தால் திறக்கும் கதவு உடைந்துபோய் வருஷக்கணக்காகத் திறந்தே கிடக்கிறது, அதனால் தன் சீசன் டிக்கெட் எங்கும் பதிவாவதில்லை என்றார் நோரீன். ஃபாஸ்கட் பரிவோடு தலையாட்டினார்.

"உடைஞ்ச கதவு வழியா வர்றவங்ககிட்ட கூடுதல் நேர்மையை எதிர்பார்க்கறோம். சரி, ஒரு வழி சொல்றேன். அந்த வண்டியில கூட வந்த ஒருத்தர், உங்க பேரு தெரிஞ்சவர், உங்களோட பேசிப் பழகினவர், நீங்க இருந்தீங்கன்னு எழுதிக் குடுக்கட்டும். போதும்."

"எல்லாரையும் தெரியும் சார். ஆனா பேரு யாருக்கும் தெரியாது."

"இத்தனை வருஷமா?"

"காலை வண்டிங்க சார்."

ஃபாஸ்கட்டுக்கு அது புரிந்திருக்க வேண்டும். அவரும் இந்த நாட்டுக்காரர்தான். ஆனால் வழக்குப் போடப்போவதாகச் சொல்லிவிட்டார். மோசடி என்று கோர்ட் சொல்லிவிட்டால் ஆஸ்பத்திரியில் நோரீனை மருந்து அலமாரிக்குப் பக்கத்தில்கூட விடமாட்டார்கள். அந்த வயதில் வேறு வேலையும் கிடைக்காது. படுக்கையில் புருஷன். ஒரு ஆப்பிளைக்கூட வீணாக்காத மனுஷிக்கு வந்த கதி இது.

மறுநாள் காலை அவர் பெட்டியில் எழுந்து நின்றார். வாய் திறந்து பேசினார்.

அந்த அதிர்ச்சியை எப்படிச் சொல்ல? உடுப்பைக் கழற்றியிருந்தால்கூட நாங்கள் இவ்வளவு கூனிக் குறுகியிருக்க மாட்டோம். எல்லாரும் அவரவர் ஷூவைப் பார்த்தோம். "என் பேரு நோரீன் டாப்செல்" என்று ஆரம்பித்து நடந்ததையெல்லாம் சொன்னார். பேக்கன்காரர் வாயில் இருந்ததை விழுங்கினார்.

"ட்ரெவர் ஸ்டாப்ஸ்," என்றார். "நான் எழுதித் தர்றேன் அம்மணி. தெனம் உங்க ஆப்பிள் கடிக்கற சத்தத்துலதான் எனக்கு முழிப்பே வருது."

கட்டக்காரர் பேனாவை மூடினார். அவர் பெயர் ஆப்ரி லின். நானும் சொன்னேன். சொல்லும்போது காது சூடாகிவிட்டது. அன்று பெட்டி முழுவதும் கையெழுத்துப் போட்டது. வண்டியின் கார்டு எவர்டனும் போட்டார். லண்டன் வந்து இறங்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கமாக இருந்தது, ஆனால் மனசு நிறைந்திருந்தது.

ஃபாஸ்கட்டின் பதில் வந்தது. எங்கள் சாட்சியம் செல்லாதாம். தாமதமான அந்த நாட்களில் எங்களுக்கு நோரீனின் பெயர் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரிந்துகொண்ட பெயர் அன்றைக்குப் பயன்படாது. எவர்டன் கம்பெனி ஆள், ஆகவே பயணிகளின் நேர்மை பற்றிச் சொல்லத் தகுதியற்றவர். "பயணத்துக்கு முன்பே பெயரறிந்து பேசிப் பழகியவரே சாட்சி. சாட்சி தான் கண்டது, கேட்டது அனைத்தையும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும்." இது எல்லாப் பயணிகளுக்கும் இனி விதி என்று அறிவித்து, அதற்கும் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். அதே பெண்தான், இந்தத் தடவை இரண்டு கையையும் நெஞ்சில் வைத்திருந்தாள்.

பிறகு அறிமுகக் காலை என்று ஒன்று நடத்தினார்கள். நடைமேடையில் மேஜை போட்டு, பெயர் எழுதிய அட்டைகளைச் சட்டையில் குத்திவிட்டு, பயணிகளைக் கைகுலுக்கச் சொன்னார்கள். காகிதக் கோப்பையில் டீ தருவதாக ஏற்பாடு. டீ கொண்டுவந்த ஆள் ரயிலில் வந்ததால் டீ வரவில்லை. கைகுலுக்கச் சொல்லிக்கொடுக்க வந்த பெண் எங்களைப் பார்த்து, "கண்ணைப் பாருங்க, கண்ணை" என்று கெஞ்சினாள். நாங்கள் அட்டையைப் பார்த்தோம். கூட்டத்தைத் தாண்டி எவர்டனால் கதவுகளைச் சாத்த முடியவில்லை. வண்டி தாமதம். அந்தத் தாமதத்துக்குப் பயணிகளின் அளவுக்கு மீறிய உரையாடலே காரணம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

நோரீனுக்குக் கோர்ட் தேதி வந்துவிட்டது. அவர் ஆப்பிள் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். எதிரில் உட்கார்ந்து அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஃபாஸ்கட் என் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து விதவிதமாக யோசிப்பேன். எல்லாவற்றிலும் அவர் அழுவார்.

அப்படியிருக்க, ஒரு காலை ஃபாஸ்கட்டே எங்கள் பெட்டியில் ஏறினார்.

இந்தப் பாதையை இனியும் சவுத்மியரிடம் விடலாமா என்று முடிவு செய்ய அன்று அரசுக் குழு கூடியது. கம்பெனி சார்பில் பேசப் போகிறவர் ஃபாஸ்கட். தங்கள் ரயிலிலேயே வந்து இறங்குகிற மாதிரி லண்டனில் போட்டோ எடுக்க யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். கார் அவரை எங்கள் ஊரில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. முகம் எங்களில் யாருக்கும் தெரியாது. நோரீன்தான், "குட் மார்னிங், மிஸ்டர் ஃபாஸ்கட்" என்றார். மரியாதை விடாத ஜன்மம். ஃபாஸ்கட் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

பாதி வழியில், வயல் நடுவே வண்டி நின்றது. தண்டவாளத்தில் ஒரு அன்னம் உட்கார்ந்துவிட்டது. எங்கள் நாட்டில் அன்னம் அரசருக்குச் சொந்தம் என்பதால் அதைத் தொட யாருக்கும் தைரியம் வராது. அதற்கான அதிகாரி வேறு ஊரிலிருந்து வர வேண்டும், அவரும் ரயிலில்தான். நேரம் போகப் போக ஃபாஸ்கட் எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், எவர்டனைக் கூப்பிட்டார்.

"நான் யாருன்னு தெரியுமாய்யா?"

"தெரியலீங்களே சார்," என்றார் எவர்டன். "அட்டை குத்தியிருந்தா சவுகரியமா இருந்திருக்கும். சிரமத்துக்கு வருந்தறோம்."

அப்புறம்தான் ஃபாஸ்கட் அந்த போன் பேசினார். எங்களுடையது போன் பேசக்கூடாத அமைதிப் பெட்டி. ஆப்ரி இருமிக் காட்டினார். ஃபாஸ்கட் அடங்கவில்லை.

"கேளு. இன்னைக்குக் கமிட்டி முன்னால கணக்கு சுத்தமா இருக்கணும். இந்த வண்டியையே எடுத்துடு. நேத்தே ரத்து பண்ணிட்டதாப் போடு. ஓடாத வண்டி எப்படி லேட்டாகும்? பயணிங்களா? அவங்களை விடு, நிரூபிக்கட்டும் பார்ப்போம்."

நாங்கள் எல்லாரும் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் காதை ஷூவுக்குள் வைக்கவில்லை.

அன்னம் எழுந்து போனபோது குழு எழுந்து போயிருந்தது. ரயில் தாமதம் என்று ஃபாஸ்கட் காரணம் சொன்னாராம். குழுவின் தலைவி கம்பெனியின் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒரு வண்டி அன்று ஓடவே இல்லை. எவர்டனுக்குக்கூட அன்றைய சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். ஓடாத வண்டியில் கார்டு எப்படி இருப்பார்? ஃபாஸ்கட் தூங்கிவிட்டு வந்து கதை சொல்கிறாரோ என்று தலைவிக்குச் சந்தேகம். வேறொரு நாள் தந்து, பயணிகளுக்கு வைத்த விதிப்படியே அவரும் ஒரு சாட்சியைக் கொண்டுவரட்டும் என்று சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் பாதையும் போகும், அவர் வேலையும் போகும்.

அடுத்த காலை ஃபாஸ்கட் மறுபடி எங்கள் பெட்டிக்கு வந்தார். இந்தத் தடவை பத்திரிகை இல்லை.

"நேத்து நான் இங்க உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் பார்த்தீங்க. ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

ட்ரெவர் ரொட்டியை மடியில் வைத்தார். "உங்க பேரு என்ன தலைவரே?"

"ஃபாஸ்கட். ஜூலியன் ஃபாஸ்கட்."

"அடடா. இப்பத்தானே தெரியுது. இப்பத் தெரிஞ்ச பேரு நேத்தைக்குப் பயன்படாதாமே. நாங்க நேர்மையானவங்க, பொய்க் கையெழுத்துப் போட மாட்டோம்."

ஒவ்வொருவராகக் கேட்டார். என்னிடமும் வந்தார். இத்தனை நாள் ஜன்னலோரம் யோசித்து வைத்ததெல்லாம் அந்த நேரத்தில் தேவைப்படவில்லை. "நாம அறிமுகமாகலையே சார்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

கடைசியில் அவர் கண் நோரீன் மேல் போய் நின்றது. அந்தப் பெட்டியில், அந்த நாளுக்கு முன்பே அவர் பெயர் தெரிந்தவர், அவரோடு பேசியவர், அவர் கையால் டீயும் பிஸ்கட்டும் வாங்கியவர், நோரீன் ஒருத்தர்தான்.

"நான் சொல்லலாங்க சார்," என்றார் நோரீன். "ஆனா என்மேல மோசடிக் கேஸ் இருக்கே. ஒரு ஏமாத்துக்காரி சொல்றதைக் கமிட்டி நம்புமா?"

அன்று மாலைக்குள் வழக்கு வாபஸ். கம்பெனி முத்திரையோடு எழுதிக் கொடுத்துவிட்டார்: மிஸஸ் டாப்செல் எங்கள் பயணிகளின் நேர்மைக்கு எடுத்துக்காட்டு, அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் நிறுவனம் முழுமையாக நம்புகிறது. நோரீன் அதை ஆஸ்பத்திரிக்கு ஒரு நகல், வீட்டுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டார். மறுநாள் ஆப்பிள் திரும்பி வந்தது.

குழு கூடிய அன்று நாங்கள் எல்லாரும் லீவு போட்டுவிட்டுப் போனோம். முந்தின வண்டிக்கும் முந்தின வண்டியைப் பிடித்துப் போனோம். ஃபாஸ்கட் அந்தக் கடிதத்தைத் தானே உரக்கப் படித்தார். தலைவி நோரீனைக் கேட்டார். ஆமாம், அவர் அந்த வண்டியில் இருந்தார், வண்டி நின்றது நிஜம், அன்னத்தால்தான் தாமதம் என்று நோரீன் சொன்னார். ஃபாஸ்கட் முகத்தில் ரத்தம் திரும்பியது. நன்றி, போகலாம் என்றார் தலைவி. நோரீன் நகரவில்லை.

"போன்ல பேசினதையும் சொல்லணுமா மேடம்? கேட்டது அனைத்தையும் ஒளிவுமறைவில்லாம சொல்லணும்னு விதியில இருக்கு."

"அது இதுக்குச் சம்பந்தமில்லாதது," என்றார் ஃபாஸ்கட்.

"சொல்லுங்க," என்றார் தலைவி.

நோரீன் சொன்னார். மருந்தை எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்று சொல்கிற அதே குரலில், ஒரு எழுத்து கூடாமல் குறையாமல், "நிரூபிக்கட்டும் பார்ப்போம்" வரைக்கும். ஃபாஸ்கட் எழுந்து, இந்தப் பெண்மணியை நம்ப முடியாது என்று ஆரம்பித்தார். அவர் கையில் அவர் எழுதிய கடிதம் இருந்தது. தலைவி அதையே பார்த்தார். அவரும் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போது வந்த சந்தோஷம் நல்ல மனிதர்களுக்கு வரக்கூடியது அல்ல. எனக்கு வந்தது, முழுசாக அனுபவித்தேன்.

சவுத்மியரிடமிருந்து பாதை போய்விட்டது. ஃபாஸ்கட்டுக்கு வேலை போனது, காரும் போனது. புதிய கம்பெனி வண்டிகளுக்குப் பச்சை வர்ணம் அடித்தது. வண்டிகளோடு நேர்மைத் துறையையும், சாட்சி விதியையும், சுவரொட்டிப் பெண்ணையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. தாமதமும் பழையபடிதான். ஆனால் எங்களுக்கு இப்போது கவலையில்லை. ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியும், ஒருவருக்கொருவர் சாட்சி. வண்டி நின்றால் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு ஷூவைப் பார்க்கத் திரும்பிவிடுவோம்.

ஃபாஸ்கட் இப்போது லண்டனில் ஏதோ ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கு எங்கள் வண்டியில்தான் போய் வருகிறார். கழிப்பறை பக்கத்து இருக்கை. தாமதமாகப் போவதற்குச் சம்பளம் பிடிக்கிறார்களாம், சாட்சி இல்லாததால் இழப்பீடும் கிடைப்பதில்லையாம், எவர்டன் சொன்னார். போன வாரம் வண்டி அதே வயலில் நின்றபோது எழுந்து எங்களிடம் வந்தார். ட்ரெவருக்கு முன்னால் நின்று கையை நீட்டினார்.

"என் பேரு..." என்று ஆரம்பித்தார்.

ட்ரெவர் "சாரி" என்று சொல்லிக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். நோரீன் ஆப்பிளைக் கடித்தார். நாங்கள் எல்லாரும் அந்தச் சத்தத்தை மட்டும்தான் கேட்டோம்.